ஜீப்பின் குறுக்குக் கம்பியைக் கழற்றலாமா?

டயர், பிரேக், பேட்டரி என்று கண்ணில் படும் பாகங்களைப் பற்றி இந்தப் பத்தியில் நிறைய பேசியாகிவிட்டது. இந்த வாரம் பேசப்போவது, குனிந்து பார்த்தால் மட்டுமே தெரியும் ஒரு கம்பியைப் பற்றி. பட்டறையில் அதை ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். ஸ்வே பார், ஆன்ட்டி ரோல் பார் என்றும் அதற்குப் பெயர் உண்டு. மூன்றும் ஒன்றுதான்.

கேள்வி கேட்டவர் கிளமெண்டியில் எங்களுக்கு அடுத்த புளோக்கில் வசிக்கும் ஒரு தம்பி. பழைய ஜீப் ரேங்லர் ஒன்று வாங்கியிருக்கிறார். சஹாரா ரகம். திங்கள் முதல் வெள்ளி வரை பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஆயர் ராஜா விரைவுச்சாலை வழியாக வேலைக்குப் போகிறார். மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாள்களில் அம்மாவையும் அதே வண்டியில்தான் அழைத்துப்போகிறார். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை நண்பர்களுடன் ஜொகூர் பக்கம், செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய மண்பாதைகளுக்குப் போய்வருவார்.

“அண்ணே, கூட வர்றவங்க எல்லாரும் முன்னாடி இருக்கிற ஸ்டெபிலைசர் பாரைக் கழற்றிப் போடுன்னு சொல்றாங்க. அது இருந்தா பள்ளத்துல சக்கரம் தூக்குதாம். ஒருத்தர் தடிமனான பார் போடுன்னு சொல்றாரு. எதைத்தான் கேக்கிறது?” என்றார்.

நல்ல கேள்வி. ஜிம்னி, பிராடோ, ரேங்லர் போன்ற வண்டிகளை வாங்கிவிட்டு அன்றாடம் தார்ச்சாலையிலேயே ஓட்டும் பலருக்கும் இது பயன்படும் என்பதால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இந்தக் கம்பி என்ன செய்கிறது? ‘ப’ வடிவில் வளைத்த எஃகுக் கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதி வண்டியின் சட்டத்தோடு ரப்பர் புஷ்ஷில் அமர்ந்திருக்கும். இரண்டு முனைகளும் லிங்க் எனப்படும் சிறு தண்டுகள் வழியாக இடது, வலது சக்கரங்களின் பக்கம் இணைந்திருக்கும். இரண்டு சக்கரங்களும் ஒரே சமயத்தில் மேடு ஏறினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். ஒரு சக்கரம் மேலே போய் மற்றொன்று கீழே இறங்கினால், ஈரத்துணியைப் பிழிவதுபோல் கம்பி முறுக்கிக்கொள்ளும். எஃகு முறுக்கை விரும்பாது, திரும்பி நேராகப் பார்க்கும். அந்த எதிர்ப்புதான் அதன் முழு வேலையும்.

வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும்போது ஒரு பக்க ஸ்பிரிங் அமுங்கி மறுபக்க ஸ்பிரிங் நீளும். உடனே கம்பி முறுக்கிக்கொண்டு சாய்வைக் குறைக்கும். இந்தக் கருத்து புதிதல்ல. கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பவர் 1919-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மண்பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி மற்றது மேட்டில் ஏறும்போதும் அதே முறுக்குதான் நடக்கிறது. கம்பிக்கு வளைவும் பள்ளமும் ஒன்றுதான். பள்ளத்துக்குள் இறங்க வேண்டிய சக்கரத்தை அது மேலே இழுத்துப் பிடிக்கும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் தொங்கும் சக்கரம் சும்மா சுற்ற, தரையில் இருக்கும் சக்கரத்துக்கு விசை போகாது. வண்டி நின்றுவிடும். தம்பியின் நண்பர்கள் சொன்னது பொய்யில்லை.

ஆனால் அது பாதி உண்மைதான். மீதியைப் புரிந்துகொள்ள 1997-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு மெர்சிடிஸ் நிறுவனத்தின் புதிய ஏ-கிளாஸ் கார், சுவீடனில் ஒரு மோட்டார் சஞ்சிகை நடத்திய சோதனையில் கவிழ்ந்தது. சாலையில் திடீரென ஒரு காட்டுமான் குறுக்கே வந்தால் ஓட்டுநர் என்ன செய்வார்? ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் வெட்டித் திருப்பி, உடனே மறுபக்கம் திருப்புவார். சோதனையும் அதுதான். நிறுவனம் விற்ற கார்களைத் திரும்ப அழைத்தது. சஸ்பென்ஷனை மாற்றி, ஈஎஸ்பி என்ற மின்னணு நிலைப்படுத்தும் முறையையும் எல்லா ஏ-கிளாஸ் கார்களுக்கும் பொருத்தியது.

நம் விரைவுச்சாலையில் மான் வராது. முன்னால் போகும் லாரியிலிருந்து ஒரு பலகை விழலாம். மழையில் ஒரு மோட்டார் சைக்கிள் சறுக்கி விழலாம். நீங்கள் வெட்டித் திருப்பும் அந்த ஒரு விநாடிக்காகத்தான் இந்தக் கம்பி ஆண்டு முழுவதும் சும்மா கிடக்கிறது. ரேங்லர் போன்ற உயரமான வண்டிக்கு அது இன்னும் அதிகம் தேவை.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. முன் கம்பியைக் கழற்றினால் வண்டி அதிகம் சாயும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு, சாய்வைத் தாங்கும் பொறுப்பின் பெரும்பங்கு பின்பக்கத்துக்குப் போய்விடுகிறது. வளைவில் பின்டயர்களில் வெளிப்பக்கத்து டயர்மீது சுமை ஏற, பின்பக்கம் முதலில் பிடியை இழக்கும். வால் வெளியே வீசும். நனைந்த சாலையில் சாதாரண ஓட்டுநரால் இதைச் சமாளிப்பது கடினம். வண்டியின் ஈஎஸ்பி கணினியும், கம்பி தன் இடத்தில் இருக்கிறது என்ற கணக்கில் அமைக்கப்பட்டது. நீங்கள் கையால் கழற்றினீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே, “கழற்றிப் போட்டுவிடு” என்ற யோசனையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஆண்டில் நான்கு நாள் பள்ளத்துக்காக மற்ற எல்லா நாளும் பிள்ளைகளை அப்படி ஒரு வண்டியில் ஏற்றுவதற்கு நியாயமே இல்லை.

இனி மற்ற வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி, தடிமனான கம்பி. சாலையில் இறுக்கமாக இருக்கும், உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயரும். 25 மி.மீ. கம்பியை 28 மி.மீ. ஆக்கினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. விறைப்போ ஏறக்குறைய 57 விழுக்காடு கூடிவிடும். பள்ளத்தில் சக்கரம் இன்னும் சீக்கிரம் தூக்கும். ஒரு பக்கம் குழியில் இறங்கினாலே வண்டி தலையை ஆட்டும், பின்னிருக்கையில் இருக்கும் அம்மாவுக்கு இடுப்பு வலிக்கும். பின்பக்கம் மட்டும் தடிமனாக்கினால் மேலே சொன்ன வால் வீசும் குணமும் சேர்ந்துகொள்ளும். மண்பாதைக்குப் போகிறவருக்கு இது எதிர்த்திசை.

இரண்டாவது வழி, மென்மையான கம்பி. அமெரிக்காவில் ஆன்ட்டிராக் என்ற பெயரில் விற்பது இந்த வகை. கழற்ற வேண்டியதில்லை. கம்பி மெல்லியது, இரு பக்கக் கைகளிலும் உள்ள துளைகளில் லிங்க்கை முன்னும் பின்னும் மாற்றி விறைப்பைக் கூட்டிக் குறைக்கலாம். மறதிக்கு இடமில்லை என்பது இதன் பலம். தார்ச்சாலையில் நிறுவனம் கொடுத்த கம்பி அளவுக்கு இறுக்கம் இருக்காது என்பது பலவீனம். வாரக்கடைசி தோறும் காட்டுக்குப் போகிறவருக்குப் பொருந்தும். நான்கு நாள்காரருக்கு, மற்ற எல்லா நாளும் விட்டுக்கொடுக்கும் பேரம் இது.

மூன்றாவது வழி, கையால் கழற்றும் லிங்க். கம்பியைத் தொடாமல், அதன் முனைகளிலுள்ள லிங்க்குகளை மட்டும் மாற்றுவது. மண்பாதையின் வாயிலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்னை உருவி, லிங்க்கை அச்சிலிருந்து விடுவித்து, டயரிலோ பிரேக் குழாயிலோ உரசாதபடி மேலே சட்டத்தோடு கட்டிவிட வேண்டும். திரும்பும்போது மாட்ட வேண்டும். செலவு குறைவு, பாகம் எளிது, பழுதாக அதிகம் ஒன்றுமில்லை. சாலையில் வண்டி பழைய வண்டியாகவே இருக்கும். ஆனால் எல்லாம் உங்கள் நினைவாற்றலை நம்பி இருக்கிறது.

நான்காவது வழி, பட்டன். ரேங்லரின் ரூபிகன் ரகத்தில் 2007 மாடலிலிருந்து இது வருகிறது. முன் கம்பி நடுவில் இரண்டு துண்டாக இருக்கும், ஒரு சிறு மின்மோட்டார் அந்த இணைப்பைப் பூட்டும், திறக்கும். நான்கு சக்கர ஓட்டத்தில் இருக்கும்போது மட்டுமே பட்டன் வேலை செய்யும். வேகம் மணிக்கு 29 கி.மீ. அளவைத் தாண்டினால் தானாகவே பூட்டிக்கொள்ளும். ஓட்டுநர் மறந்தாலும் வண்டி மறக்காது. இதற்காகவே ரூபிகனை வாங்கலாம் என்று சொல்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மோட்டார் பெட்டி சேற்றுக்கும் தண்ணீருக்கும் மிக அருகில் இருக்கிறது. மாதம் ஒருமுறையாவது அழுத்திப் பார்த்துப் பழக்கத்தில் வைத்திருக்க வேண்டும். சஹாரா வண்டியில் இதைப் பிறகு பொருத்துவதென்றால் செலவும் வேலையும் அதிகம்.

ஐந்தாவது வழி, டொயோட்டாவின் கேடிஎஸ்எஸ். ஆஸ்திரேலியாவின் கைனெட்டிக் நிறுவனத்தில் உருவான நுட்பம் இது. 2004 மாடல் லெக்சஸ் ஜிஎக்ஸ் 470-ல் வந்தது, பிறகு லேண்ட் குரூசர், பிராடோ வண்டிகளின் சில ரகங்களுக்கும் போனது. முன் பின் கம்பிகளில் ஒவ்வோர் எண்ணெய் சிலிண்டர், அவற்றை இணைக்கும் குழாய்கள். வளைவில் முன்னும் பின்னும் ஒரே பக்கம் சாய்வதால் எண்ணெய் நகர இடமின்றிப் பூட்டிக்கொள்ளும், கம்பி வேலை செய்யும். பள்ளத்தில் முன் அச்சு ஒரு பக்கமும் பின் அச்சு மறுபக்கமும் முறுக்குவதால் எண்ணெய் ஓடிக் கம்பிகளை விடுவிக்கும். பட்டன் இல்லை, கணினியும் முடிவெடுக்க வேண்டியதில்லை. அழகான யோசனை. ஆனால் வாங்கும்போதே வண்டியில் இருக்க வேண்டும். பழைய வண்டியில் எண்ணெய் கசிந்தால் பழுதுபார்ப்புச் செலவு கையைக் கடிக்கும்.

இவற்றில் எது என்று முடிவு செய்வதற்கு முன் தம்பியிடம் ஒன்று கேட்டேன். “உன் வண்டியில சக்கரம் உண்மையிலேயே தூக்குதா? நீ பார்த்திருக்கியா?”

“நான் உள்ளே இருக்கேன், எப்படிண்ணே பார்க்கிறது?” என்றார்.

அதுதான் விஷயம். நண்பரை வெளியே இறங்கச் சொல்லிக் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். மெதுவாக, குறுக்காக ஒரு பள்ளத்தைக் கடக்கும்போது எந்தச் சக்கரம் தூக்குகிறது, எவ்வளவு நேரம் தூக்குகிறது, வண்டி நின்றேவிட்டதா என்று பாருங்கள். சக்கரம் தொங்கும்போது ஷாக் அப்சார்பர் முழுவதும் நீண்டுவிட்டதா என்றும் பாருங்கள். நீண்டுவிட்டால் தடுப்பது கம்பி இல்லை, ஷாக் அப்சார்பர்தான். கம்பியைக் கழற்றினாலும் பயன் இருக்காது.

இன்றைய ரேங்லரில் சக்கரம் கொஞ்சம் தூக்கினாலும் உடனே மாட்டிக்கொள்ளாது. சும்மா சுற்றும் சக்கரத்தை மட்டும் கணினி பிரேக் பிடித்து, விசையை மறுபக்கச் சக்கரத்துக்குத் திருப்பும். ஆக்சிலரேட்டரைப் பதறாமல், சீராக அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் வண்டி நகர்ந்துவிடும்.

அதற்கும் முன்னால் டயர் காற்று. சாலையில் 35 பிஎஸ்ஐ அளவில் ஓடும் டயரை மண்பாதையில் 20 பக்கம் இறக்கினால், ரப்பர் தரையின் மேடு பள்ளத்தை அணைத்துக்கொள்ளும். பிடி கூடும், உள்ளே குலுக்கல் குறையும். கைப்பிரஷர் மீட்டரும் பேட்டரியில் ஓடும் சிறு கம்ப்ரஸரும் போதும். காற்றைக் குறைத்த டயருடன் வேகம் கூடாது, தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி நிரப்ப வேண்டும். கம்பிக்குச் செலவழிக்கும் முன் செய்ய வேண்டியது இதுதான்.

தம்பி அடுத்த பயணத்தில் இரண்டையும் செய்துபார்த்தார். காற்றைக் குறைத்தார், நண்பரைப் படம் எடுக்கச் சொன்னார். பின் சக்கரம் ஒரே ஓரிடத்தில் ஒரு சாண் தூக்கியது. வண்டி நிற்காமல் போய்விட்டது. கம்பியை அப்படியே விட்டுவிட முடிவுசெய்தார். அந்தப் பணத்தில் ஒரு நல்ல கம்ப்ரஸரும், தேய்ந்திருந்த லிங்க் புஷ்களுக்குப் பதில் புதியவையும் வாங்கினார். நானும் அவருக்கு அதையே சொல்லியிருப்பேன்.

ஒருவேளை உங்கள் வண்டி உண்மையிலேயே நின்றுபோகிறது, போகும் பாதை அப்படிப்பட்டது என்றால், கையால் கழற்றும் லிங்க்கே நான்கு நாள்காரருக்கு ஏற்றது. ஆனால் சில பழக்கங்களை முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள்.

மெதுவாக, முறுக்கலான தரையில் போகும்போது மட்டும் கழற்றுங்கள். பக்கவாட்டுச் சரிவில் வேண்டாம், அங்கே வண்டியைச் சாயாமல் பிடிப்பதே கம்பிதான். செம்மண் சாலையில் வேகமாகப் போகும்போதும் வேண்டாம். முன்பக்கம் இரண்டையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றிவிட்டால், தொங்கும் முனை எதிலாவது போய் மாட்டும்.

கழற்றியவுடன் கியர் பிடியில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவிடுங்கள். மாட்டிய பிறகுதான் அதை அவிழ்க்க வேண்டும். கைப்பிடி தொடும்போதெல்லாம் அது ஞாபகப்படுத்தும்.

மாட்டும் இடத்தையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். மண்பாதை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடம்தான் அது. “சோதனைச்சாவடி வரிசையில் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போட்டால், அதற்குள் மலேசிய நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கி.மீ. வரை போயிருப்பீர்கள். அந்த நேரம் உடம்பு களைத்திருக்கும், கையெல்லாம் சேறு, மழை வேறு வரும், பின்னால் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். மறப்பதற்கு இதைவிடச் சரியான நேரம் வேறில்லை. இங்கிருந்து கிளம்பும்போது பெட்ரோல் முள் முக்கால் டாங்க்குக்கு மேல் நிற்கிறதா என்று நாம் எல்லோரும் பழக்கத்தில் பார்க்கிறோம் அல்லவா? அபராதத்துக்குப் பயந்து வந்த பழக்கம் அது. திரும்பும்போது லிங்க் பின்னைப் பார்ப்பதும் அப்படி ஒரு பழக்கமாக வேண்டும்.

மலேசியாவில் 1997-லிருந்து மழைக்காலத்தில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியின் படங்களைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் உண்டு. அந்த வண்டிகள் அந்தச் சேற்றுக்காகவே கட்டப்பட்டவை. மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டிய வண்டிக்கு அவற்றை முன்மாதிரி ஆக்காதீர்கள்.

எந்த மாற்றம் செய்வதாக இருந்தாலும், உபியிலோ காக்கி புக்கிட்டிலோ பட்டறைக்குப் போகும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்தைப் பாருங்கள். அனுமதி தேவையில்லாதவை, அனுமதி தேவைப்படுபவை, அறவே கூடாதவை என்று மாற்றங்களை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். வண்டியை உயர்த்துவதும் கம்பியை மாற்றுவதும் ஒரே விஷயம் என்று நினைக்க வேண்டாம், தனித்தனியாகப் பாருங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்துமூலம் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு தெரிவிப்பதில் பயனில்லை.

கடைசியாக, பழைய நான்கு சக்கர ஓட்ட வண்டி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி 3 வயதைத் தாண்டினால் 2 ஆண்டுக்கு ஒருமுறையும், 10 வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதில் எல்லாம் தெரிந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். போன மாதம் தேறிய வண்டியில் போன வாரம் யாராவது ஏதாவது கழற்றியிருக்கலாம். விலை பேசும் முன் ஒரு டார்ச் விளக்கோடு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனியுங்கள். ‘ப’ வடிவக் கம்பி இருக்கிறதா, இரண்டு பக்கமும் லிங்க் இருக்கிறதா, ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். லிங்க்கைக் கையால் பிடித்து ஆட்டுங்கள், கடகடவென்று ஆடக் கூடாது. பிறகு வேகத்தடையின்மேல் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறும்படி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்று சத்தம் வந்தால் லிங்க்கோ புஷ்ஷோ தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அது சிறு செலவுதான், விலையில் குறைத்துக் கேட்கலாம். கம்பியே இல்லாமல் இருந்தால், அந்த வண்டியை விற்பவர் இன்னும் எதையெல்லாம் கழற்றியிருப்பார் என்று யோசித்துவிட்டு அடுத்த வண்டியைப் பாருங்கள்.